கார்ட்டில் போட முடியாத புடவை

ஈரோடு மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவரும் அக்காவும் சேர்ந்து ஐந்து வருடமாக இணையத்தில் கைத்தறிப் புடவை விற்கிறார்கள். வெப்சைட் கட்டும் வேர்ட்பிரஸ், அதன் மேல் கடை நடத்தும் வூகாமர்ஸ், தோற்றத்துக்குக் காசு கொடுத்து வாங்கிய ஒரு தீம். உள்ளூர் டெவலப்பர் ஒருவர் அமைத்துக் கொடுத்த கடை. தமிழ்நாட்டைத் தாண்டி ஜெர்மனி, பிரான்ஸில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கும் பார்சல் போகிறது.

போன மாதம், பழைய வாடிக்கையாளரான ஓர் ஆசிரியை போனில் அழைத்திருக்கிறார். "ரெண்டு வருஷமா எனக்குப் பார்வை இல்லைம்மா. போனும் லேப்டாப்பும் ஸ்க்ரீன் ரீடர் வச்சுதான் ஓட்டுறேன். உங்க கடையில புடவை பேரு, விலை எல்லாம் படிக்குது. கலர் எங்க இருக்குன்னுதான் தெரியல. கார்ட்ல போட்டா 'முதல்ல தேர்வு பண்ணுங்க'ன்னு திட்டுது." ஸ்க்ரீன் ரீடர் என்பது திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் மென்பொருள். பக்கத்தில் இருந்த அவருடைய தம்பி, "இதெல்லாம் இப்ப சட்டமாயிடுச்சுங்க" என்று சேர்த்துக்கொண்டாராம்.

அதிலிருந்து வாசகிக்குத் தூக்கம் இல்லை. ஒரே வரி கோடு சேர்த்தால் போதும், எல்லாக் குறையும் தானே சரியாகிவிடும் என்று ஒரு விற்பனையாளர் வருடத்துக்கு 30,000 ரூபாய் கேட்கிறார். டெவலப்பரோ, மொத்த சைட்டையும் பிரித்துக் கட்ட வேண்டும், இல்லையென்றால் பார்வையற்றோருக்கென்று எழுத்து மட்டும் உள்ள தனிப் பக்கம் போடலாம் என்கிறார். "போன்ல ஆர்டர் எடுத்துட்டாப் போச்சு, கண்ணு தெரியாதவங்க எத்தனை பேர் புடவை வாங்கப் போறாங்க" என்பது அக்காவின் கட்சி. "யார் சொல்வது சரி? எங்களைப் போன்ற சின்னக் கடைக்கும் சட்டம் பொருந்துமா?" என்பதுதான் கேள்வி.

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் டெவலப்பரின் பயத்தைக் குறைத்துவிடுகிறேன். சைட்டைப் பிரித்துக் கட்ட வேண்டியதில்லை. நீங்கள் அனுப்பிய விவரத்தைப் பார்த்தால், ஆசிரியை மாட்டிக்கொண்ட இடம் வூகாமர்ஸ் செய்த தவறே இல்லை. வண்ணம், அளவு போன்ற வகைகளை வூகாமர்ஸ் இயல்பாகக் காட்டுவது சாதாரணக் கீழ்விரி பட்டியலாக. 'செலக்ட்' என்ற எச்.டி.எம்.எல் உறுப்பு அது. ஸ்க்ரீன் ரீடர் அதன் பெயரைச் சொல்லும், எந்த வண்ணம் தேர்வாகியிருக்கிறது என்றும் சொல்லும். கீபோர்டின் அம்பு விசையால் மாற்றலாம். அந்தப் பட்டியல் அழகாக இல்லை என்று யாரோ ஒரு 'ஸ்வாட்ச்' ப்ளகின், அதாவது கூடுதல் வசதி சேர்க்கும் சிறு மென்பொருள், போட்டிருக்கிறார்கள். அது பட்டியலை மறைத்துவிட்டு, அந்த இடத்தில் வண்ண வட்டங்களை வைக்கிறது.

அந்த வட்டம் ஒவ்வொன்றும் வெறும் 'டிவ்', தனக்கென்று அர்த்தம் இல்லாத வெற்றுப் பெட்டி. அதற்குள் எழுத்து ஒன்றும் கிடையாது, பின்னணி நிறம் மட்டும்தான். படிக்க எதுவும் இல்லாததால் ஸ்க்ரீன் ரீடர் அதைத் தாண்டிப் போய்விடுகிறது. டேப் அடித்தாலும் அங்கே நிற்காது. ஆனால் 'கார்ட்டில் சேர்' பட்டன் உயிரோடு இருக்கிறது. அதை அழுத்தினால், வகையைத் தேர்ந்தெடுக்கவில்லை என்று ஓர் எச்சரிக்கைப் பெட்டி எழும். ஆசிரியை 'திட்டுது' என்று சொன்னது இதைத்தான். எதைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது, அது எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரிய வழியே இல்லை.

இன்றைக்கே ஒன்று செய்யுங்கள். அந்த ப்ளகினை நிறுத்திவிட்டு ஒரு புடவைப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். பழைய பட்டியல் திரும்பி வந்திருந்தால், ஐந்து நிமிட வேலையில் ஆசிரியைக்குக் கடை திறந்துவிட்டது என்று அர்த்தம். வட்டங்கள் இல்லாமல் முடியாது என்று அக்கா அடம்பிடித்தால், அதற்கும் ஒழுங்கான முறை உண்டு. ஒவ்வொரு வண்ணமும் ஒரு ரேடியோ பட்டன், அதற்கு 'அரக்கு', 'மாம்பழ மஞ்சள்', 'மயில்கழுத்துப் பச்சை' என்று ஒரு லேபிள், எல்லாவற்றையும் சேர்த்து 'வண்ணம்' என்ற ஒரே தொகுதி. வட்டம் என்பது லேபிளின் மேல் பூசிய ஒப்பனை, அவ்வளவுதான். இருப்பு தீர்ந்த வண்ணத்தை மங்கலாக்கினால் மட்டும் போதாது, 'இருப்பு இல்லை' என்று எழுத்தில் வர வேண்டும். லேபிளில் 'நிறம் 1', 'நிறம் 2' என்று போட்டுவிடாதீர்கள். அப்படியும் சில கடைகளில் இருக்கிறது.

அந்த ஒரு வரி கோடு

30,000 ரூபாயை பீரோவிலேயே வையுங்கள். பக்கத்தின் ஓரத்தில் சக்கர நாற்காலிச் சின்னத்தோடு வரும் இந்த விட்ஜெட்டுகள் எழுத்தைப் பெரிதாக்கும், நிறத்தை மாற்றும், சில நேரம் தாங்களே படித்தும் காட்டும். இவை எல்லாம் ஸ்க்ரீன் ரீடர் வைத்திருப்பவரிடம் ஏற்கெனவே இருப்பவை. அவருடைய போனில், அவருடைய பழக்கத்துக்கேற்ற வேகத்தில் இருக்கின்றன. விட்ஜெட்டால் முடியாதது உங்கள் டிவ்வுக்குள் இல்லாத வண்ணத்தின் பெயரைச் சரியாக ஊகிப்பது. பல சமயம் அது ஸ்க்ரீன் ரீடரின் குறுக்கே வந்து இரண்டு குரலாகப் பேசும், அல்லது போகஸை, அதாவது கீபோர்டு இப்போது நிற்கும் இடத்தை, தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். அதை அணைப்பதற்கென்றே தனி வழி தேடும் பயனாளர்கள் இருக்கிறார்கள்.

அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன், இப்படி விட்ஜெட் விற்கும் ஒரு நிறுவனத்தின் மீது 2025 ஜனவரியில் நடவடிக்கை எடுத்தது. தானியங்கிக் கருவியால் எந்த வெப்சைட்டையும் டபிள்யூ.சி.ஏ.ஜி. என்ற உலக அணுகல்தன்மைத் தரநிலைக்கு (மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி வெப்சைட் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்வது) ஏற்றதாக ஆக்கிவிடலாம் என்று விளம்பரம் செய்தது வாடிக்கையாளரைத் தவறாக வழிநடத்துவது என்பது புகார். அந்த நிறுவனம் 10 லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்று ஏப்ரலில் ஆணை இறுதியானது. உங்களிடம் வந்த விற்பனையாளர் 'நூற்றுக்கு நூறு உத்தரவாதம்' என்றால், அதை எழுத்தில் தரச் சொல்லிப் பாருங்கள்.

தனிப் பக்கம் என்ற யோசனையும் வேண்டாம். முதல் மாதம் அதில் எல்லாப் புடவையும் இருக்கும். மூன்றாவது மாதம் விலை மாறியிருக்காது. தீபாவளிக்கு வந்த புதுச் சரக்கு அதில் ஏறியே இருக்காது. இரண்டு கடையைப் பராமரிக்க உங்களிடம் ஆள் இல்லை.

மௌஸைக் கழற்றிவிட்டு ஒரு புடவை வாங்குங்கள்

நீங்களும் அக்காவும் டெவலப்பரும் ஒரே மேசையில் உட்காருங்கள். மௌஸைக் கழற்றுங்கள், லேப்டாப் டச்பேடைத் தொடாதீர்கள். டேப் முன்னே போக, ஷிஃப்ட் டேப் பின்னே வர, என்டர் லிங்கைத் திறக்க, ஸ்பேஸ் பட்டனை அழுத்த, அம்பு விசைகள் பட்டியலுக்குள் நகர, எஸ்கேப் பெட்டியை மூட. இவற்றை மட்டும் வைத்து முகப்பிலிருந்து பணம் கட்டும் பக்கம் வரை போக முடிகிறதா பாருங்கள். ஆப்பிள் மேக்கில் சஃபாரி என்றால் வெறும் டேப் லிங்குகளில் நிற்காது, ஆப்ஷன் விசையோடு சேர்த்து அழுத்த வேண்டும். இது தெரியாமல் சைட் கெட்டுவிட்டது என்று பதறுகிறவர்கள் உண்டு.

முதலில் உங்கள் கண்ணில் படப்போவது, நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்றே தெரியாமல் போவது. தீமின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சி.எஸ்.எஸ் கோப்பில் எங்கோ 'அவுட்லைன்: நன்' என்ற வரி இருக்கும். பட்டனைச் சுற்றி நீலக் கோடு வருவது அசிங்கம் என்று தீம் செய்தவர் எடுத்துவிட்டிருப்பார். பார்வையற்றவருக்கு இதனால் நஷ்டமில்லை. கை நடுக்கத்தால் மௌஸ் பிடிக்க முடியாத, பார்வை நன்றாக உள்ள ஒருவருக்கு இது இருட்டில் நடப்பது போல. கீபோர்டு என்றாலே பார்வையற்றோர் என்று உங்கள் கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். பார்கின்சன் உள்ள தாத்தாவும், மணிக்கட்டில் கட்டுப் போட்டிருக்கும் அலுவலகப் பெண்ணும் அதே டேப் விசையைத்தான் நம்பியிருக்கிறார்கள். அந்த வரியை எடுத்துவிட்டு, 'ஃபோகஸ்-விசிபிள்' என்பதற்கு 3 பிக்சல் தடிமனில் ஒரு கருங்கோடும் 2 பிக்சல் இடைவெளியும் கொடுத்தால் போதும். மௌஸால் சொடுக்குகிறவருக்குப் பெரும்பாலும் அந்தக் கோடு தெரியவே தெரியாது, அதனால் அக்காவும் சண்டை போட மாட்டார்.

அடுத்தது கார்ட் பெட்டி. 'சேர்' அழுத்தியதும் பக்கவாட்டில் ஒரு பலகை சறுக்கி வருகிறது, இல்லையா? போகஸ் அதற்குள் போகாமல் பின்னால் மறைந்திருக்கும் பக்கத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். எச்.டி.எம்.எல்லின் 'டயலாக்' உறுப்பை 'ஷோ மோடல்' கட்டளையால் திறந்தால், போகஸை உள்ளே வைப்பது, பின்பக்கத்தைச் செயலிழக்க வைப்பது, எஸ்கேப் அடித்தால் மூடுவது எல்லாவற்றையும் பிரௌசரே பார்த்துக்கொள்ளும். மூடிய பிறகு போகஸ் பழைய பட்டனுக்கே திரும்புகிறதா என்று மட்டும் சரிபாருங்கள். பலகையே வேண்டாம், 'புடவை கார்ட்டில் சேர்ந்தது' என்ற ஒரு வரி போதும் என்றால், அந்த வரி வரும் இடத்துக்கு 'ஏரியா-லைவ்' பண்பை 'பொலைட்' என்று வையுங்கள். ஸ்க்ரீன் ரீடர் தானாகச் சொல்லிவிடும். அந்த இடம் பக்கம் திறக்கும்போதே காலியாக இருந்து, பிறகு எழுத்து அதில் விழ வேண்டும். எழுத்தோடு சேர்த்து அந்த இடத்தையும் அப்போதுதான் உருவாக்கினால் பல நேரம் பேசாது. டெவலப்பர்கள் அரை நாள் தலையைச் சொறிவது இங்கேதான்.

முகவரிப் படிவத்தில், வூகாமர்ஸ் தரும் லேபிள்களைத் தீம் மறைத்துவிட்டு, பெட்டிக்குள் சாம்பல் எழுத்தில் 'பின்கோடு' என்று காட்டுகிறதா பாருங்கள். தட்டச்சு செய்யத் தொடங்கியதும் அது மறைந்துவிடும். லேபிளை வெளியே கொண்டுவரச் சொல்லுங்கள். அதே சாம்பல் எழுத்தின் நிறக் குறியீடு 999999 என்று இருந்தால், வெள்ளைப் பின்னணியில் அதன் ஒளி வேறுபாடு 2.85க்கு 1தான். தரநிலை கேட்பது 4.5க்கு 1. 767676 வரை கருமையாக்கினால் 4.54 வந்துவிடும், மாற்றம் கண்ணுக்கு உறுத்தாது. பிழை வந்தால் பெட்டியைச் சிவப்பாக்குவதோடு நிற்காமல், 'பின்கோடு 6 இலக்கம் இருக்க வேண்டும்' என்று எழுதி, அந்த வரியை அந்தப் பெட்டியோடு 'ஏரியா-டிஸ்கிரைப்டுபை' பண்பால் கட்டிவிட வேண்டும்.

பணம் கட்டும் பக்கம் பேமென்ட் நிறுவனத்துடையது. அதை உங்களால் திருத்த முடியாது. ஆனால் ஓர் உறுதியான மாற்று வழி வைக்கலாம்: யு.பி.ஐ, அல்லது பார்சல் வந்ததும் பணம். ஓ.டி.பி. உங்கள் சைட்டிலேயே கேட்பதாக இருந்தால், 30 வினாடியில் காலாவதியாவது அநியாயம். ஸ்க்ரீன் ரீடரில் மெசேஜைத் திறந்து, எண்ணைக் கேட்டு, திரும்பி வந்து தட்டுவதற்குள் அது போய்விடும்.

காதால் கேட்டுப் பாருங்கள்

கீபோர்டு சோதனை முடிந்ததும் விண்டோஸ் கணினியில் என்.வி.டி.ஏ. என்ற ஸ்க்ரீன் ரீடரை நிறுவுங்கள். இலவசம். ஆஸ்திரேலியாவில் 2006இல் மைக்கேல் கரன் தொடங்கியது, இன்று உலகமெங்கும் ஓடுகிறது. குரோம் அல்லது ஃபயர்பாக்ஸில் கடையைத் திறந்து 'எச்' அடித்தால் தலைப்புகளில் தாவும், 'பி' அடித்தால் பட்டன்களில், 'எஃப்' அடித்தால் படிவப் பெட்டிகளில். கண்ட்ரோல் விசை பேச்சை நிறுத்தும். இன்சர்ட்டும் 'க்யூ'வும் சேர்ந்தால் மூடிவிடலாம். பழகாத காதுக்கு வேகம் புரியாது. டூல்ஸ் மெனுவில் 'ஸ்பீச் வியூவர்' என்று ஒன்று இருக்கிறது, பேசுவதையெல்லாம் எழுத்தாகவும் காட்டும். அதைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆண்ட்ராய்டு போனில் அதன் ஸ்க்ரீன் ரீடரான டாக்பேக். வலப்பக்கம் விரலால் இழுத்தால் அடுத்த உறுப்பு, இருமுறை தட்டினால் தேர்வு. இயக்குவதற்கு முன் இரண்டு வால்யூம் பட்டன்களையும் மூன்று வினாடி அழுத்தினால் அது அணையும் என்ற குறுக்குவழியை அமைப்பில் போட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அதை எப்படி நிறுத்துவது என்று தெரியாமல் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

இங்கே உங்கள் கடைக்கே உரிய மூன்று குறைகள் காதில் விழும். ஒன்று, 3,200 ரூபாயை அடித்து 2,450 என்று போட்டிருப்பது. குறுக்குக்கோட்டைப் பல ஸ்க்ரீன் ரீடர்கள் சொல்லாது, இரண்டு விலையும் அடுத்தடுத்துக் கேட்கும். வூகாமர்ஸின் புதிய பதிப்புகள் பழைய விலை, இப்போதைய விலை என்று மறைவாகச் சொல்கின்றன. உங்கள் தீம் சொந்தமாக விலைப் பெட்டி போட்டிருந்தால் அது காணாமல் போயிருக்கும். மறைவு எழுத்தை 'டிஸ்பிளே: நன்' கொடுத்து மறைத்தால் ஸ்க்ரீன் ரீடரும் படிக்காது. அதற்கென்று வேர்ட்பிரஸ்ஸில் 'ஸ்க்ரீன்-ரீடர்-டெக்ஸ்ட்' என்ற கிளாஸ் உண்டு.

இரண்டாவது, மொழி. உங்கள் பக்கங்கள் தமிழில் இருக்கின்றன, ஆனால் எச்.டி.எம்.எல் டேகில் மொழி ஆங்கிலம் என்று குறித்திருக்கிறது. ஆங்கிலக் குரல் தமிழைப் படிக்க முயலும், சில குரல்கள் சத்தமே இல்லாமல் தாண்டும். வேர்ட்பிரஸ் அமைப்பில் தளத்தின் மொழியைத் தமிழ் ஆக்கினால் இது தீரும். 'எங்களைப் பற்றி' பக்கத்தைப் பழைய பாமினி எழுத்துருவில் தட்டி ஒட்டியிருந்தால், அது யூனிகோடுக்கு மாறியாக வேண்டும். பாமினி எழுத்து கண்ணுக்குத்தான் தமிழ். காதுக்கு அது அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் குவியல்.

மூன்றாவதுதான் பெரிது: படங்கள். இப்போது உங்கள் புடவைப் படம் 'ஐ.எம்.ஜி. 2041' என்று பேசுகிறது. படத்துக்குப் பதிலாக ஸ்க்ரீன் ரீடர் படிக்கும் ஆல்ட் எழுத்தில் 'புடவை' என்று மட்டும் போட்டால் அதுவும் உதவாது, பெயர் தலைப்பிலேயே வந்துவிட்டது. கடைக்கு வந்த ஒரு பெண்ணிடம் புடவையை விரித்துக் காட்டும்போது அக்கா என்ன சொல்வார்? அதை எழுதுங்கள். 'மயில்கழுத்துப் பச்சை உடல், நெருக்கமான சிறு கட்டம். இரண்டு பக்கமும் நான்கு விரல் அகலத்தில் அரக்குக் கரை, அதில் ஜரிகைக் கோடு இரண்டு. முந்தானை அரக்கு, குறுக்கே பட்டை பட்டையாக ஜரிகை.' முந்தானையை மட்டும் நெருக்கத்தில் எடுத்த படத்துக்கு அந்த விவரம் மட்டும். அழகுக்காக வைத்த தாமரைக் கோலத்துக்கு ஆல்ட் காலியாக இருக்கட்டும். காலி என்றால் பண்பே இல்லாமல் விடுவது கிடையாது, மேற்கோள் குறிக்குள் ஒன்றும் எழுதாமல் வைப்பது. பண்பையே விட்டுவிட்டால் கோப்பின் பெயரைப் படிக்கத் தொடங்கிவிடும்.

பார்வையற்றவர் புடவை வாங்குவாரா என்ற அக்காவின் கேள்விக்கும் பதில் இங்கேயே இருக்கிறது. அந்த ஆசிரியை உங்கள் பழைய வாடிக்கையாளர். அரக்கு எது, குங்குமச் சிவப்பு எது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அவருக்கு விவரம்தான் கிடைக்கவில்லை. போன் ஆர்டரை நிறுத்தாதீர்கள், நல்ல வசதிதான். ஆனால் இரவு பத்து மணிக்கு, யாரையும் கேட்காமல், நாலு புடவையை ஒப்பிட்டுப் பார்த்து வாங்கும் சுகம் போனில் இல்லை. அது உங்கள் மற்ற வாடிக்கையாளர்களுக்கு இருக்கிறது.

சட்டம் எந்த அளவுக்கு

தம்பி சொன்னது பொய்யில்லை, ஆனால் நாளைக்கே போலீஸ் வரும் என்ற பயமும் தேவையில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, அரசு, தனியார் இரண்டு வகைச் சேவை தருவோரும் அணுகல்தன்மை விதிகளைப் பின்பற்ற வேண்டும் என்று 46ஆம் பிரிவில் கட்டுப்படுத்துகிறது. சின்னக் கடைக்கு விலக்கு என்று அந்தப் பிரிவில் ஒரு வரியும் இல்லை. மீறினால் 89ஆம் பிரிவின்படி முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம், மறுபடியும் மீறினால் 50,000 முதல் 5 லட்சம் வரை. புகார் போகும் இடம் பெரும்பாலும் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர்.

அந்தச் சட்டத்தின் கீழ் வகுத்த 2017 விதிகளில், அணுகல்தன்மைத் தரங்களைச் சொல்லும் விதி 15 பரிந்துரை போல எழுதப்பட்டிருக்கிறது, சட்டமோ கட்டாயம் என்கிறது, ஆகவே விதி செல்லாது, கட்டாய விதிகளை வகுக்க வேண்டும் என்று ரஜீவ் ரத்தூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8 அன்று சொன்னது. 2025 ஏப்ரல் 30 அன்று பிரக்யா பிரசூன் வழக்கில், டிஜிட்டல் சேவைகளை அணுகுவதும் அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமைக்குள் வரும் என்று தீர்ப்பளித்தது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று உங்களுக்கே புரியும். தொழில்நுட்ப அளவுகோலாக இந்தியத் தரநிலை ஐ.எஸ். 17802 இருக்கிறது. டெவலப்பரிடம் 'டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.1, இரட்டை ஏ நிலை' என்று ஒப்பந்தத்தில் எழுதிக் கேட்டால் அவருக்கும் குழப்பம் இருக்காது.

ஜெர்மனி, பிரான்ஸ் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஐரோப்பிய அணுகல்தன்மைச் சட்டம் 2025 ஜூன் 28 முதல் இணைய விற்பனைக்கும் பொருந்துகிறது. 10 பேருக்கும் குறைவாக வேலை செய்து, ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் யூரோவைத் தாண்டாத குறு நிறுவனங்களுக்குச் சேவை விஷயத்தில் விலக்கு உண்டு. நீங்களும் அக்காவும் பேக்கிங்குக்கு இருக்கும் மூன்று பேரும் அதற்குள் அடங்கிவிடுவீர்கள். எங்கிருந்தாவது எழுத்தில் நோட்டீஸ் வந்தால் மட்டும் வழக்கறிஞரிடம் போங்கள். அதுவரை ஆசிரியை கேட்டதும், நீங்கள் என்ன தேதியில் என்ன சரிசெய்தீர்கள் என்பதும் ஒரு நோட்டில் இருக்கட்டும்.

டெவலப்பரிடம் சொல்ல வேண்டியது

திருத்தங்கள் எல்லாம் சைல்ட் தீமில், அதாவது மூலத் தீமைத் தொடாமல் மாற்றங்களை மட்டும் வைத்திருக்கும் துணைத் தீமில், போக வேண்டும். மூலத் தீமிலேயே கை வைத்தால், அடுத்த அப்டேட்டில் எல்லாம் அழிந்து ஆசிரியை மறுபடி போன் செய்வார். வரிசை இது: வண்ணத் தேர்வு, கார்ட், முகவரிப் படிவம், பணம். பிறகு படங்கள், அதிலும் அதிகம் விற்கும் 20 புடவை முதலில். வலைப்பூப் பக்கமும் முகப்பின் ஓடும் படங்களும் கடைசியாக வரலாம், ஓடும் படங்களை நிறுத்த ஒரு பட்டன் இருந்தால் சரி. லைட்ஹவுஸ் என்பது வெப்சைட்டைத் தானாகச் சோதித்து மதிப்பெண் போடும் கருவி. 'லைட்ஹவுஸில் 100 வந்துவிட்டது' என்று டெவலப்பர் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்பினால் பாராட்டுங்கள், ஆனால் வேலை முடிந்ததாகக் கையெழுத்துப் போடாதீர்கள். ஆல்ட் இருக்கிறதா என்று கருவிக்குத் தெரியும். அதில் 'ஐ.எம்.ஜி. 2041' என்று எழுதியிருந்தாலும் சில நேரம் பாஸ் போட்டுவிடும்.

ஆசிரியைக்கு இன்றே ஒரு பதில் சொல்லிவிடுங்கள்: வண்ணத் தேர்வைச் சரிசெய்துகொண்டிருக்கிறோம், இந்தத் தேதிக்குள் முடியும், அதுவரை இந்த எண்ணில் ஆர்டர் எடுக்கிறோம் என்று. முடிந்ததும் அவர் சோதித்துப் பார்க்கச் சம்மதித்தால், அதற்கு டெவலப்பருக்குக் கொடுப்பது போல மணிக்கணக்கில் கூலி கொடுங்கள். இலவசமாகக் கேட்காதீர்கள், புடவை கொடுத்துச் சமாளிக்கவும் வேண்டாம். என்ன போன், என்ன பிரௌசர், எந்த இடத்தில் நின்றது என்ற மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். முதல் சோதனைக்கு ஐந்து வண்ணம் உள்ள புடவையாகப் பார்த்து, அதில் ஒரு வண்ணத்தை இருப்பு இல்லாமல் வைத்து, அந்த லிங்கை அனுப்புங்கள்.